பேரையூர் வெயிலும் பாலைவன வெயிலும்: சின்னப் பிள்ளைகளோடு வளைகுடாவுக்குக் குடிபோவது

மதுரை மாவட்டத்தின் தென்மேற்கில், சாப்டூர் மலைக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் கரிசல் பூமி பேரையூர் வட்டாரம். வானம் பார்த்த நிலம். மழை பொய்த்தால் திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை என்று பிழைக்கப் போவது இங்கே பழைய வழக்கம். துபாய், ஷார்ஜா, தோஹா, ரியாத், குவைத் என்ற பெயர்கள் அந்த வரிசையில் பிற்பாடு சேர்ந்தவை. வளைகுடாவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் தனியாகத்தான் போகிறார்கள். சம்பளம் ஓரளவு உயர்ந்த பிறகு மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்பவர்கள் ஒரு பகுதியினர்.

அப்படிக் கிளம்பும் குடும்பம் விசா, டிக்கெட், வீட்டு வாடகை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் பத்துப் பேரிடம் விசாரிக்கும். வெயிலைப் பற்றி மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. "நாம பாக்காத வெயிலா?" என்று தள்ளிவிடுவார்கள். கத்திரி வெயிலில் பருத்தி எடுத்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் இரண்டும் ஒரே வெயில் அல்ல. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும்போது அந்த வித்தியாசம் தெரிந்திருப்பது விசா எண் தெரிந்திருப்பதைவிட முக்கியம்.

மதுரைச் சமவெளியில் மே மாதச் சராசரி உச்ச வெப்பம் 38 டிகிரியை ஒட்டி இருக்கும். சில நாள் 40-ஐத் தாண்டும். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். நடுவில் கோடை மழை ஒன்றிரண்டு விழும். ராத்திரி 26, 27 டிகிரிக்கு இறங்கும். மலைப்பக்கமிருந்து காற்று வந்தால் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ படுத்துத் தூங்கிவிடலாம். துபாயில் ஜூலை, ஆகஸ்டில் பகல் 41 டிகிரிக்கு மேல் ஏறுவது அன்றாடம், பல நாள் 45 வரை போகும். ராத்திரியிலும் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. இந்தக் கோடை ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை நீளும், இடையில் மழை அரிதிலும் அரிது. மதுரைப் பக்கம் ஆண்டுக்கு 850 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. துபாயின் ஆண்டுச் சராசரி 100 மில்லிமீட்டர்கூட இல்லை. குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று பதிவான 53.9 டிகிரியை உலக வானிலை அமைப்பு ஆய்ந்து ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆசியாவிலேயே அப்படி உறுதிசெய்யப்பட்ட உச்ச அளவுகளில் அது முதல் வரிசையில் நிற்கிறது.

பாலைவனத்துக்குள்ளும் இரண்டு வகை வெயில் உண்டு. ரியாத், அல் ஐன் போன்ற உள்நாட்டு ஊர்களில் காற்று உலர்ந்திருக்கும். வியர்வை தோலில் தங்காமல் உடனே ஆவியாகிவிடுவதால் வியர்த்ததே தெரியாது. பிள்ளையின் சட்டை நனையவில்லை, ஆகவே நீர் இழக்கவில்லை என்று தாய் நினைத்துக்கொள்வாள். உதடு வெடித்து, மூக்கில் ரத்தம் கசிந்த பிறகுதான் விஷயம் புரியும். துபாய், தோஹா, தம்மாம், மஸ்கட் போன்ற கடலோர ஊர்களில் இதற்கு நேர்மாறு. காற்றில் ஈரம் நிரம்பி நிற்கும். வெளியே வந்த நொடியில் மூக்குக்கண்ணாடி பனித்துப்போகும். வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

பெரியவர்கள் தாங்குவதைப் பிள்ளைகள் தாங்காததற்கு உடற்கூறுதான் காரணம். எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். தோலின் வெப்பம் 35 டிகிரியை ஒட்டியது. வெளிக்காற்று அதைவிடச் சூடாக இருந்தால், உடம்பிலிருந்து வெப்பம் வெளியேறாது, வெளியிலிருந்து உள்ளே ஏறும். பரப்பு அதிகமாயிருப்பதால் பிள்ளைக்குள் அது விரைவாக ஏறுகிறது. வியர்வைச் சுரப்பிகள் ஒவ்வொன்றும் சுரக்கும் அளவும் குழந்தைகளுக்குக் குறைவு. ஓடியாடும்போது ஒரு கிலோ எடைக்கு அவர்கள் உண்டாக்கும் சூடோ கூடுதல். தாகம் என்று சொல்லத் தெரியாத வயது வேறு. 45 டிகிரிக் காற்றை மின்விசிறியால் வீசினால் அது பிள்ளையைச் சூடாக்கத்தான் செய்யும். ஊரில் பத்து ரூபாய் விசிறியும் வேப்பமர நிழலும் செய்த வேலையை அங்கே ஏசி மட்டும்தான் செய்யும். ஏசி நின்றுபோன வீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு "கொஞ்ச நேரத்துல வந்துரும்" என்று காத்திருக்கக் கூடாது. அடுத்த வீட்டுக்கோ பேரங்காடிக்கோ தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும்.

உடம்பு வெப்பத்துக்குப் பழகும் என்பது உண்மை. பெரியவர்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம் போதும், பிள்ளைகளுக்கு அதைவிடக் கூடுதலாகும். அதனால்தான் எந்த மாதம் போவது என்பது இந்தக் குடிபெயர்வின் முதல் முடிவாக இருக்க வேண்டும். நடைமுறையில் அது கடைசி முடிவாகவும், பெரும்பாலும் தவறான முடிவாகவும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு முடியும். பரீட்சை முடியட்டும், சொந்தத்தில் வைகாசிக் கல்யாணம் முடியட்டும் என்று பார்த்து மே கடைசியில் விமானம் ஏறுவார்கள். இறங்குவது பாலைவனக் கோடையின் வாசலில். ஐக்கிய அரபு அமீரகத்தில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளின் கல்வியாண்டு ஏப்ரலிலேயே தொடங்கிவிடுகிறது. ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை. மே கடைசியில் போகும் பிள்ளைக்குப் பாடம் இரண்டு மாதம் ஓடிப்போயிருக்கும். பள்ளி பழகுவதற்குள் விடுமுறை வந்துவிடும். அந்த இரண்டு மாதமும் நான்கு சுவருக்குள், விளையாட ஒரு பிள்ளை இல்லாமல் கழியும். அழுகை, சாப்பாட்டில் வெறுப்பு, ராத்திரியில் முழிப்பு எல்லாம் அப்போதுதான் ஆரம்பிக்கும்.

சரியான காலம் அக்டோபர் பிற்பாதியிலிருந்து டிசம்பர் வரை. அப்போது துபாயின் பகல் 35-லிருந்து படிப்படியாக இறங்கி, ஜனவரியில் 24 டிகிரிக்கு வரும். பூங்காக்கள் நிறைந்திருக்கும். பிள்ளை புது ஊரை வெளியில் நடந்தே பழகும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு சேரும். ஏப்ரலில் பள்ளி தொடங்கும்போது ஊர் பழகியிருக்கும். ஜூன் வெயில் மெதுவாக ஏறும்போது உடம்பும் கூடவே பழகும். ஊரில் அரையாண்டுப் படிப்பு விட்டுப்போகிறதே என்று தயங்கத் தேவையில்லை. எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைக்கு அந்த ஆறு மாதத்தில் எதுவும் நட்டமாகிவிடாது. தைப் பொங்கலை ஊரில் முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றால் ஜனவரிக் கடைசியும் நல்ல காலமே.

காகித வேலை தொடங்குவது பிறப்புச் சான்றிதழில். கிராமப்புறங்களில் பல பிள்ளைகளின் சான்றிதழில் பெயர் இருக்காது. "ஆண் குழந்தை", "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். பிறந்து ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டியும் பெயரைப் பதியலாம். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கான சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் ஏற்கப்படுகிறது. பேரையூர்க்காரர்களுக்கு மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்தாண்டுக்குத்தான் செல்லும் என்பதால் காலாவதித் தேதியைக் கண்ணில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். நம் ஊரில் பெயருக்கு முன் இனிஷியல் போதும், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டிலோ குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயரோடு எடுத்தவர்கள் 2022 நவம்பரில் திண்டாடினார்கள். அமீரகம் அந்த மாதம் முதல் ஒற்றைப் பெயருள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா, வருகை விசாக்களை ஏற்க மறுத்தது. பிறகு, பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் அச்சிடப்பட்டிருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தியது. குழந்தைக்குப் புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்கிறவர்கள் இனிஷியலை விரித்துத் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றிலும் பெற்றோர் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். "முத்துலட்சுமி"யை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதி வைத்திருந்தால் குடும்ப விசாவில் மாதக்கணக்கில் இழுபடும்.

திருமணச் சான்றிதழுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் சான்றொப்பம் வாங்க வேண்டும். ஓமான், பஹ்ரைன், 2022 டிசம்பருக்குப் பிறகு சவூதி அரேபியா ஆகியவை வெளிநாட்டு ஆவணங்களை ஒரே முத்திரையில் ஏற்கும் ஹேக் உடன்படிக்கையில் உள்ளதால் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை அங்கே செல்லும். அமீரகத்துக்கு அது போதாது. மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று மூன்று படி ஏற வேண்டும். கல்யாணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியாமலே விட்டவர்கள் அதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். விசா வேலைக்கு ஆறு மாதம் முன்பே இதை ஆரம்பிப்பது நல்லது.

பணக் கணக்கில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. அமீரகத்தில் குடும்பத்தை அழைக்க மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம் இருக்க வேண்டும்; நிறுவனமே வீடு கொடுத்தால் 3,000 போதும். இது விசா கிடைப்பதற்கான கோடுதான், குடும்பம் நடத்தப் போதுமான தொகை அல்ல. வேற்று நாட்டவர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி கிடையாது. கட்டணம், பேருந்துக் கட்டணம், வாடகை, மின்சாரம் என்று போட்டுப் பார்த்தால் 4,000 திர்ஹாம்காரர் குடும்பத்தைக் கூட்டிவந்து, ஒரு வீட்டைப் பலகை வைத்துத் தடுத்த பகுதியில் வைத்துக் கஷ்டப்படுவதைவிட, இரண்டு ஆண்டு பொறுத்திருப்பது பிள்ளைக்கு நல்லது. சவூதியில் உடனிருக்கும் ஒவ்வொருவருக்கும் மாதக் கட்டணம் உண்டு. 2017 ஜூலையில் தலைக்கு 100 ரியாலில் தொடங்கி ஆண்டுதோறும் ஏறி, 2020 ஜூலையில் 400 ரியாலில் நின்றது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1,200. ஆண்டுக்கு 14,400 ரியால். இந்தக் கட்டணம் வந்த பிறகு பிள்ளைகளை ஊருக்குத் திருப்பி அனுப்பிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம்.

பெட்டி கட்டும்போது அப்பத்தாவும் அம்மாச்சியும் பாசத்தில் கொடுத்தனுப்பும் மசாலாப் பொடியை ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். அதில் கசகசா இருக்கிறதா? அமீரகம், சவூதி, கத்தார் போன்ற நாடுகளில் கசகசா போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. குழம்புக்கு அரைத்த பொடி என்று சொன்னாலும் விமான நிலையத்தில் செல்லாது. பிள்ளைக்கு இருமலுக்குக் கொடுக்கும் மருந்துகளில் கோடீன் சேர்ந்தவையும், வலி மாத்திரைகளில் டிரமடாலும் இதே வகை. தொடர்ந்து சாப்பிடும் மருந்து எதுவானாலும் மருத்துவரின் சீட்டோடு, கடைப் பெட்டியோடு கொண்டுபோக வேண்டும். தடுப்பூசி அட்டையும் கைப்பையில் இருக்கட்டும். நம் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மையும் ரூபெல்லாவும் உண்டு. பொன்னுக்குவீங்கியும் சின்னம்மையும் இல்லை. அமீரகத்தின் அட்டவணையில் இவையும் சேர்ந்திருக்கின்றன. விட்டுப்போன ஊசிகளைக் கிளம்பும் முன் மதுரையிலேயே போட்டுக்கொள்ளலாம், அங்கே போய்ப் பொதுச் சுகாதார மையத்திலும் கேட்கலாம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கவனிக்க வேண்டியது தண்ணீர்க் குழாய். பழைய கட்டடங்களில் தொட்டி மொட்டை மாடியில் வெயிலில் நிற்கும். ஜூன் பிறந்துவிட்டால் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலே கை வைக்க முடியாத சூட்டில் வரும். வருஷக்கணக்கில் அங்கே இருப்பவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மே மாதத்தோடு கீசரின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். கீசர் தொட்டி குளியலறைக்குள், ஏசி வீட்டின் குளிர்ச்சியில் இருப்பதால், அதற்குள் நிற்கும் தண்ணீர் ராத்திரி முழுக்க ஆறியிருக்கும். காலையில் சிவப்புக் குறி போட்ட சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீர் வரும், நீலக் குறிக் குழாயில் வெந்நீர் வரும். தொட்டி சின்னது, ஒருவர் குளித்தால் தீர்ந்து மாடித் தண்ணீர் புகுந்துவிடும். ஆகவே முதல் குளியல் பிள்ளைக்கு. புதிதாக வந்த தாய் வழக்கம்போல் நீலக் குழாயின் கீழ் குழந்தையைக் காட்டிவிட்டால் தோல் வெந்துவிடும். கையை விட்டுப் பார்க்காமல் எந்தத் தண்ணீரையும் பிள்ளைமேல் ஊற்றக் கூடாது. ராத்திரியே வாளியில் பிடித்து ஆற வைப்பவர்களும் உண்டு. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் குளியலறைக் கதவு பூட்டியிருக்க வேண்டும். அரை வாளித் தண்ணீர் ஒரு குழந்தை மூழ்கப் போதும்.

அடுத்தது சன்னலும் பால்கனியும். தரையோடு ஒட்டிய வீட்டில், தெருவில் புரண்டு வளர்ந்த பிள்ளைக்கு உயரம் என்றால் என்னவென்று தெரியாது. ஷார்ஜா, துபாய் அடுக்குமாடிகளில் சின்னப் பிள்ளைகள் சன்னல் வழியாகவும் பால்கனி வழியாகவும் விழுந்த விபத்துகள் திரும்பத் திரும்பச் செய்தியாகியிருக்கின்றன. பெரும்பாலும் கட்டிலோ சோபாவோ நாற்காலியோ சன்னலை ஒட்டிக் கிடந்திருக்கும், பிள்ளை அதில் ஏறி எட்டிப் பார்த்திருக்கும். கொசுவலைச் சட்டம் குழந்தையின் எடையைத் தாங்காது. வாடகைக்குப் பார்க்கும்போதே சன்னல் பூட்டு இருக்கிறதா என்று கேட்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் நாளே கடையில் வாங்கிப் பொருத்த வேண்டும். பால்கனியில் வாளி, பழைய பெட்டி, துணி ஸ்டாண்டு எதுவும் கிடக்கக் கூடாது. முதல் மாதச் சம்பளத்தில் டிவி வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு இதுதான்.

மூன்றாவது, நிறுத்திவைத்த கார். வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் முதல் பத்து நிமிடத்திலேயே வெப்பம் பத்து டிகிரி அளவுக்கு ஏறிவிடும், அரை மணியில் அதைப்போல் இரு மடங்கு. கண்ணாடியை நூலளவு இறக்கி வைப்பதால் பயனில்லை. "கடைக்குள்ள போயி ஒரு பால் பாக்கெட் வாங்கிட்டு வந்துர்றேன்" என்பது பிள்ளையின் உயிரை வைத்து ஆடும் ஆட்டம். பள்ளிப் பேருந்திலும் இந்த ஆபத்து உண்டு. 2022 செப்டம்பரில் கத்தாரின் அல் வக்ராவில், தூங்கிப்போன ஒரு நான்கு வயதுக் கேரளக் குழந்தையைக் கவனிக்காமல் பேருந்தைப் பூட்டிவிட்டார்கள். வெப்பத்தில் அந்தக் குழந்தை இறந்தது. கத்தார் கல்வி அமைச்சகம் அந்த மழலையர் பள்ளியையே மூடியது. பள்ளியில் சேர்க்கும்போது பெற்றோர் கேட்க வேண்டியவை இரண்டு: பேருந்தில் உதவியாளர் இருக்கிறாரா? பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்றால் எத்தனை மணிக்குள் வீட்டுக்குத் தெரிவிப்பார்கள்? பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கலாம்: பேருந்தில் தனியாக விழித்துக்கொண்டால் ஓட்டுநர் இருக்கைக்குப் போய் ஹாரனை விடாமல் அழுத்து என்று. காரில் போகும்போது நான்கு வயது வரை குழந்தை இருக்கை அமீரகத்தில் சட்டப்படி கட்டாயம். ஊரில் மோட்டார் சைக்கிள் டேங்கில் உட்கார்ந்து பழகிய பிள்ளை அதில் கட்டுண்டு கிடக்க அழும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

கோடையில் நாளின் ஒழுங்கு மாறிவிடுகிறது. வெளியே போவது காலை ஏழு மணிக்குள், அல்லது பொழுது சாய்ந்த பிறகு. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-லிருந்து 3 மணி வரை திறந்தவெளி வேலைக்கே அரசு தடை விதித்திருக்கிறது. உழைத்துப் பழகிய ஆம்பிளைகளுக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால் பிள்ளைகளைச் சொல்ல வேண்டியதில்லை. பொழுது சாய்ந்த பிறகும் பூங்காவின் சறுக்கு மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டே ஏற்ற வேண்டும். வெறுங்காலோடு ஓடிப் பழகிய பிள்ளைக்குச் செருப்புப் போடும் பழக்கத்தை ஊரிலேயே தொடங்கிவிடுவது நல்லது, தார்ச்சாலை சுட்டுக் கொப்புளித்துவிடும்.

ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு எந்த வெயிலிலும் தண்ணீர் தனியாகக் கொடுக்கத் தேவையில்லை. தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். தாய்தான் நிறையக் குடிக்க வேண்டும். பெரிய பிள்ளைகளுக்குத் தாகம் எடுக்கும் முன்பே, மணிக்கொரு தடவை தண்ணீர். ஊர் நீர்மோருக்குப் பதில் அங்கே 'லபான்' என்று எல்லாக் கடையிலும் கிடைக்கும், உப்புப் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் குடிக்கும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது, ஆறு மணி நேரமாகப் போகாமலே இருப்பது, அழுதால் கண்ணீர் வராதது ஆகியவை நீரிழப்பின் அடையாளங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும். இல்லாத வேளையில் ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டி அளந்து. உடம்பு கொதித்து, பிள்ளை குழறிப் பேசினாலோ மயங்கினாலோ அது காய்ச்சல் அல்ல, வெப்பத் தாக்கு. ஆம்புலன்சை அழைத்துவிட்டு, அது வரும்வரை துணியைக் கழற்றி, உடம்பெங்கும் தண்ணீர் தடவி, காற்றுப்பட வைக்க வேண்டும். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது.

இவ்வளவு சூரியன் இருந்தும் வளைகுடாப் பிள்ளைகளிடம் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருக்கிறது. ஏசி வீடு, ஏசி பேருந்து, ஏசி வகுப்பு என்று வெயிலே படாமல் நாள் போவதுதான் காரணம். கோடையில் விட்டதைக் குளிர்காலத்தில் பிடிக்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை பிள்ளைகளைத் தினமும் வெளியில் விடலாம். சொட்டு மருந்து வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம். ஏசி வடிகட்டியை மாதம் இருமுறையாவது கழுவ வேண்டும். கோடையின் முற்பகுதியில் வடமேற்கிலிருந்து வீசும் 'ஷமால்' காற்று மணற்புழுதியை வாரிக்கொண்டு வரும். வீசிங் உள்ள பிள்ளைக்கு அந்த நாட்களில் சன்னலே திறக்கக் கூடாது.

பாலைவனத்துக்குப் போகிறோம் என்று ஸ்வெட்டர் எடுக்காமல் போகிறவர்கள் ரியாத், குவைத் ஜனவரியில் நடுங்குவார்கள். ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். மழையும் வந்தால் மொத்தமாக வரும். 2024 ஏப்ரல் 16-ஐ ஒட்டிய 24 மணி நேரத்துக்குள் அல் ஐன் அருகே கத்ம் அல் ஷக்லாவில் 254.8 மில்லிமீட்டர் பெய்தது. நம் ஊர்க் காட்டாற்றைப் போல வறண்டு கிடக்கும் 'வாதி'களில் மழைநாளில் வண்டியை இறக்கவே கூடாது.

பள்ளியில் முதல் அதிர்ச்சி வயதுக் கணக்கு. தமிழ்நாட்டில் ஐந்து வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. அமீரகத்தில் பெரும்பாலும் ஆறு வயது ஆக வேண்டும். ஏப்ரலில் தொடங்கும் பள்ளிகளுக்கு மார்ச் 31 கணக்குத் தேதி. ஊரில் ஒன்றாம் வகுப்புப் படித்த பிள்ளையைக் கே.ஜி. இரண்டில் போடச் சொல்வார்கள். "ஒரு வருஷம் வீணாப் போச்சே" என்று பெற்றோர் சண்டை போடுவதுண்டு. வீண் இல்லை. தமிழ் வழியில் தொடங்கிய பிள்ளைக்கு ஆங்கிலமும், தனியார் பள்ளிகளில் கட்டாயமான அரபியும் ஒரே நேரத்தில் வந்து விழும்போது அந்த ஒரு வருஷம் பெரிய உதவி. தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகள் குறைவு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களையும், வார இறுதியில் தமிழ் அமைப்புகள் நடத்தும் வகுப்புகளையும் நம்பித்தான் எழுத்துப் படிக்க வேண்டும். பேச்சுத் தமிழுக்கு வீடுதான் பள்ளிக்கூடம்.

இந்தக் குடிபெயர்வில் யாரும் கணக்கில் எடுக்காத ஆள் தாய். பேரையூரில் குழந்தை அழுதால் தூக்க ஆறு கைகள் இருந்தன. அங்கே காலை ஆறு மணிக்குக் கணவன் போனால் ராத்திரி எட்டு மணிக்கு வருவான். பதினான்கு மணி நேரம் அவளும் பிள்ளையும் மட்டும், மூடிய கதவுக்குள். கோடையில் கீழே இறங்கி நடக்கவும் முடியாது. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது என்பதால், கிளம்புவதற்கு முன்பே ஊரிலுள்ள பெரியவர்களின் போனில் 'போட்டிம்' போன்ற அங்கே அனுமதியுள்ள செயலியைப் போட்டுக் காட்டிக் கொடுத்துவிட வேண்டும். வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது வாடகையை மட்டும் பார்க்காமல், அதே கட்டடத்தில் தமிழோ மலையாளமோ பேசும், பிள்ளைகளுள்ள குடும்பம் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்நூறு திர்ஹாம் கூடுதல் வாடகை கொடுத்தாலும் அது நல்ல செலவு. தாய் மனம் சோர்ந்து, தூங்காமல், காரணமின்றி அழுதால் அதை "ஊர் ஏக்கம்" என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போவது கணவனின் கடமை. அமீரகம் முழுவதும் 2025 ஜனவரி 1 முதல் தனியார் துறை ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயமாகியிருக்கிறது. குடும்பத்துக்கு எடுத்த காப்பீட்டில் என்னென்ன அடங்கும் என்பதை முதலிலேயே வாசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கோடை விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் டிக்கெட்டைப் பல மாதம் முன்பே எடுத்துவிட வேண்டும், ஜூலையில் விலை பல மடங்கு ஏறும். வந்த குடும்பம் ஊரிலேயே ஆறு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் அமீரகக் குடியிருப்பு விசா பொதுவாகச் செல்லாமல் போகும்.

அமீரகத்தில் ஆம்புலன்சுக்கு 998, காவல்துறைக்கு 999. இந்தியர்களுக்கான உதவி மையத்தின் கட்டணமில்லா எண் 80046342. போய் இறங்கிய அன்றே இந்த மூன்று எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி வாசற்கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். கட்டடத்தின் பெயரையும் வீட்டு எண்ணையும் பெரிய பிள்ளைக்கு மனப்பாடம் ஆகும்வரை சொல்லிக் கொடுங்கள்.